வீட்டுப் பூனை வெளியே போனால் பறவைகள் குறைந்துவிடுமா?

போன வருடம் புரட்டாசி மாதத்தில் ஒரு காலை. பின்வாசல் கதவைத் திறந்தால், படியில் எங்கள் பூனை பஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்கால்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவி. பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டது போல ஒரு வெள்ளை வளையம். மொத்த எடையே பத்துப் பதினோரு கிராம்தான் இருக்கும். உயிர் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். சிறகுக்கு அடியில் ஊசி குத்தியது போல ஒரே ஒரு பல் தடம், ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து உள்ளே வைத்தேன். மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

பூனையின் எச்சிலில் இருக்கும் பாக்டீரியா சின்னப் பறவைகளின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் ஆளையே முடித்துவிடும், காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவுக்கே அவர் ஆயா.

"பூனைன்னா பிடிக்கத்தான் செய்யும், கண்ணு. நாங்க கரும்பு எஸ்டேட் பாரக்ஸ்ல, லைன் வீட்ல இருந்தப்பவும் பூனை இருந்துச்சு, குருவியும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்துதானே இருந்துச்சு?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது நல்ல கேள்வி. பூனையும் பறவையும் பற்றிப் பேசும்போது எல்லோரும் சறுக்குகிற இடமும் அதுதான். பூனை பறவையைக் கொல்கிறதா என்பது ஒரு கேள்வி. அதனால் பறவை இனத்தின் எண்ணிக்கை குறைகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை பின்வாசல் படியிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதுக்கு விடை தேட, கேப் டவுனுக்கும், அதற்கும் தெற்கே கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவுக்கும் போக வேண்டியிருக்கிறது.

படியில் வருவது ஐந்தில் ஒன்று

முதலில், பூனைகள் எவ்வளவு பிடிக்கின்றன? நாமெல்லாம் பூனை வீட்டுக்குக் கொண்டுவருவதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். "எங்கள் பூனை மாதத்துக்கு ஒரு எலி பிடிக்கும், அவ்வளவுதான்" என்று சொல்வோம். இந்தக் கணக்கு தப்பு என்று கேப் டவுனில் நடந்த ஆய்வு காட்டிவிட்டது. கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுப் பூனைகளின் கழுத்துப் பட்டையில் சின்னக் கேமராவை மாட்டி, அவை வெளியே போய் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. பூனை கொல்வதில் சுமார் 18 சதவீதம் மட்டுமே வீட்டுக்கு வருகிறது. மீதியை அங்கேயே தின்றுவிடுகிறது, அல்லது விளையாடிவிட்டு விட்டுவிட்டு வருகிறது. அதாவது படியில் ஒன்றைப் பார்த்தால், பார்க்காத நான்கைந்து வெளியே கிடக்கின்றன என்று பொருள்.

அந்த ஆய்வின்படி கேப் டவுனில் சுமார் 3 லட்சம் வீட்டுப் பூனைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.75 கோடி உயிர்களைக் கொல்கின்றன. பூனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 90 உயிர்கள். இதைப் படித்ததும் "2.75 கோடி பறவைகளா!" என்று பதறிவிட வேண்டாம். அதில் பாதி பல்லி, அரணை போன்ற ஊர்வன. கால் பங்கு எலி போன்ற சின்னப் பாலூட்டிகள். பறவைகளின் பங்கு அவற்றைவிடக் குறைவு. ஊர்வன பாதி என்றாலும், வீட்டுக்குக் கொண்டுவருவதில் அவை 17 சதவீதம்தான். எலியைத்தான் பூனை நம்மிடம் கொண்டுவந்து காட்டுகிறது. அதனால்தான் "எங்கள் பூனை எலி மட்டுமே பிடிக்கும்" என்று நாம் மனதார நம்புகிறோம்.

பறவைகளின் பங்கு குறைவு என்றால் கவலையில்லை என்று ஆகிவிடாது. பங்கு சின்னதாக இருந்தாலும் மொத்தம் பெரிது. அமெரிக்காவில் 2013-இல் வந்த ஒரு மதிப்பீடு, பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாகச் சொன்னது. அதில் பெரும்பகுதி வீட்டுப் பூனைகளின் வேலை இல்லை, யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் பூனைகளின் வேலை.

ஜோஜோ டேங்க் கணக்கு

சரி, இவ்வளவு செத்தால் பறவைகள் குறைந்துதானே ஆக வேண்டும்? அப்படி நேராகச் சொல்லிவிட முடியாது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மழைத் தண்ணீர் பிடிக்க ஜோஜோ டேங்க் வைத்திருக்கிறார்கள். கூரையில் விழும் மழை குழாய் வழியே உள்ளே போகும். நிறைந்துவிட்டால், உச்சியில் இருக்கும் குழாய் வழியே வெளியே வழியும். வழிகிற தண்ணீரில் நீங்கள் பத்து வாளி பிடித்தாலும் உள்ளே மட்டம் இறங்காது. எப்படியும் தரையில் ஓடியிருக்க வேண்டிய தண்ணீர் அது. அடிக்குழாயைத் திறந்து பிடித்தால்தான் மட்டம் இறங்கும். அதுவும் நல்ல மழைக்காலமாக இருந்தால் எடுத்த வேகத்திலேயே நிரம்பிவிடும்.

பறவைக் கூட்டமும் இப்படித்தான். ஒரு வெள்ளைக்கண்ணி ஜோடி ஒரு முறைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். அதே பருவத்தில் மறுபடியும் கூடு கட்டக்கூடும். பிறக்கிற குஞ்சுகள் எல்லாம் பிழைத்தால் சில வருடங்களில் டர்பன் முழுக்க வெள்ளைக்கண்ணிகள்தான் இருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம், பெரும்பாலானவை முதல் வருடத்திலேயே பசி, நோய், குளிர், பருந்து, பாம்பு என்று ஏதோ ஒன்றுக்குப் பலியாகிவிடுகின்றன. தாயும் தகப்பனும் தங்கள் ஆயுளில் தங்களுக்குப் பதிலாக இரண்டு பறவைகளை விட்டுச் சென்றால் போதும், கூட்டத்தின் அளவு அப்படியே இருக்கும். மீதி எல்லாம் வழிகிற தண்ணீர்.

பூனை பிடிப்பது, எப்படியும் பசியில் செத்திருக்கக்கூடிய ஒரு பறவையை என்றால், கூட்டத்தின் அளவில் மாற்றம் இருக்காது. இதை ஈடாகும் சாவு என்று வைத்துக்கொள்வோம். பிழைத்து அடுத்த வருடம் கூடு கட்டியிருக்கக்கூடிய பறவையைப் பூனை பிடித்தால், அது கூடுதல் சாவு. தொட்டியின் மட்டத்தை இறக்குவது இந்தக் கூடுதல் சாவுதான். பூனை பற்றிய வாதம் முழுவதும், எவ்வளவு ஈடாகும் சாவு, எவ்வளவு கூடுதல் சாவு என்ற இந்த ஓர் இடத்தில்தான் சுற்றுகிறது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பூனை கொன்ற பறவைகளின் உடலையும், கண்ணாடியிலோ வாகனத்திலோ மோதிச் செத்த பறவைகளின் உடலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூனை கொன்றவற்றில் கொழுப்பும் மார்புச் சதையும் குறைவாக இருந்தன. நலிந்த பறவைகளே பூனையிடம் அதிகம் சிக்குகின்றன என்று தெரிகிறது. பிரிட்டனில் வசந்தமும் கோடையும் சேர்ந்த சில மாதங்களில் பூனைகள் 2.7 கோடிப் பறவைகளைப் பிடிக்கின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அப்படியிருந்தும் அங்குள்ள பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., பூனைகளால் நாடு முழுக்கப் பறவை எண்ணிக்கை சரிந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றே சொல்லிவந்திருக்கிறது. ஆயா சொன்ன "ரெண்டும் சேர்ந்துதானே இருந்துச்சு" என்பதற்கு இதில் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது.

ஆனால் கொஞ்சம்தான். ஏன் என்று பார்க்கப் பூனையைப் பற்றி ஒரு விஷயம் புரிய வேண்டும்.

சோறு கிடைக்கிற வேட்டைக்காரன்

நம் வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இன்றைய வீட்டுப் பூனைகள் அந்த இனத்தின் மேற்காசியக் கிளையிலிருந்து வந்தவை. அதே இனம் தென்னாப்பிரிக்காவின் காடுகளிலும் புல்வெளிகளிலும் பாலை நிலங்களிலும் இன்றும் வாழ்கிறது. பஞ்சுவை விடக் கொஞ்சம் காலுயரம், காதுக்குப் பின்னால் செம்மை, வாலில் கருவளையம். அப்படியென்றால் இந்த மண்ணின் பறவைகளுக்குப் பூனை புதிதில்லைதானே? உண்மைதான். பூனை, கீரி, புனுகுப்பூனை வகைகள் என்று எல்லாவற்றோடும் பழகித்தான் இங்குள்ள பறவைகள் உருவாகியிருக்கின்றன.

ஆனால் காட்டுப்பூனை ஒன்று வாழச் சில சதுர கிலோமீட்டர் நிலம் வேண்டும். இரை குறைந்தால் குட்டிகள் பிழைக்காது, பூனைகள் குறையும். பூனைகள் குறைந்தால் இரை மறுபடியும் பெருகும். தராசு மேலும் கீழும் ஆடினாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடாது.

வீட்டுப் பூனைக்கு இந்தத் தராசு கிடையாது. தோட்டத்தில் ஒரு குருவிகூட இல்லாமல் போனாலும் பஞ்சுவுக்குக் காலையிலும் மாலையிலும் கிண்ணம் நிறைய சாப்பாடு உண்டு. பசிக்காகத்தான் பூனை வேட்டையாடுகிறது என்று நினைக்கக் கூடாது. வயிறு நிறைந்திருந்தாலும், கண் முன்னால் ஒன்று படபடத்தால் பாயும். இரை கடைசி ஜோடிக்கு வந்துவிட்டாலும் வேட்டைக்காரரின் எண்ணிக்கை குறையாது. காட்டில் எந்த விலங்குக்கும் இந்த வசதி இல்லை. வீட்டுப் பூனை விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு கிடைத்தால் நெருக்கமும் கூடும். டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் திரியும் பூனைகளை ஆராய்ந்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் உணவு வைக்கும் அந்த வளாகத்தில் பூனைகளின் நடமாட்டப் பரப்பு சிறியதாகவே இருந்தது. காட்டில் ஒன்று வாழும் இடத்தில், உணவு வைத்தால் பல பூனைகள் வாழ்ந்துவிடும்.

இது தெரிந்தபிறகு ஒரு நாள் வேலியருகே ஆயாவிடம் கேட்டேன்: "பாரக்ஸ்ல மொத்தம் எத்தனை பூனை இருந்துச்சு, ஆயா?"

அவர் விரல் விட்டு எண்ணினார். எலி பிடிக்க மானேஜர் பங்களாவில் ஒன்று, கடைக்காரர் வீட்டில் ஒன்று, அவருடைய பெரியம்மா வீட்டில் ஒன்று. மூன்று விரலோடு நின்றுவிட்டது. சுற்றிலும் மைல் கணக்கில் கரும்பு. எங்கள் தெருவில் நான் எண்ணிப் பார்த்தேன். 22 வீடுகள், 13 பூனைகள். தெரு 300 மீட்டர்கூட இல்லை.

ஐந்து பூனைகளும் ஒரு தீவும்

கூடுதல் சாவு என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மேரியன் தீவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான தீவு. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல், அண்டார்டிக்காவுக்குப் போகும் வழியில், காற்றும் மழையும் ஓயாத இடம். பரப்பு சுமார் 290 சதுர கி.மீ. மரம் கிடையாது. நிரந்தரமாக ஆட்கள் கிடையாது. வானிலை நிலையமும் ஆய்வாளர்களும் மட்டும். தரையில் வேட்டையாடும் பாலூட்டி எதையும் பார்த்துப் பழகாத கடற்பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. அவற்றில் பெட்ரல் என்ற இனங்கள் மரத்தில் கட்டுவதில்லை. மண்ணில் வளை தோண்டி, அதற்குள் முட்டையிடும். பகலில் கடலில் இருந்துவிட்டு இரவில் வளைக்குத் திரும்பும். வானத்திலிருந்து வரும் எதிரிக்கு அது நல்ல பாதுகாப்பு. வளைக்குள் கைவிடக்கூடிய எதிரியை அவை கனவிலும் கண்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்கு வந்த கப்பல்களிலிருந்து சுண்டெலிகள் தீவில் இறங்கிவிட்டன. 1947–48-இல் தீவு தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்தது, வானிலை நிலையம் அமைந்தது. நிலையத்தில் எலித் தொல்லை. 1949-இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். நல்ல நோக்கத்தோடுதான். நம் வீட்டில் அரிசி மூட்டைக்குக் காவலாகப் பூனை வளர்ப்பது போலத்தான்.

பூனைகள் நிலையத்தைத் தாண்டி வெளியேறின. 1977-இல் சுமார் 3,400 பூனைகள். எழுபதுகளின் நடுவில் தீவின் பூனைகள் ஆண்டுக்குக் கொன்ற பெட்ரல்கள் ஏறக்குறைய 4,55,000 என்று கணக்கிட்டார்கள்.

இங்கே ஜோஜோ டேங்கை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரல் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். முதல் முட்டை இடவே பல வருடம் ஆகும். அதற்கு ஈடாக நீண்ட காலம் வாழும். தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது, வழிந்து வீணாவது என்று ஒன்றுமே இல்லை. அதில் அடிக்குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? டைவிங் பெட்ரல் என்ற சின்னப் பறவை மேரியனில் கூடு கட்டுவதே இல்லை என்ற நிலை வந்தது. சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அதே கடல், அதே குளிர், அதே காற்று. அங்கே பூனையும் போனதில்லை, எலியும் போனதில்லை. அந்தத் தீவில் அதே பறவை நலமாக இருந்தது. யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்ட ஒப்பீடு இது. பூனைதான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பூனைகளை ஒழிக்கப் பல வருடம் ஆனது. 1977-இல் பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா வைரஸைப் பரப்பினார்கள். 1982-க்குள் 600 அளவுக்குக் குறைந்தன. மிச்சமிருந்தவற்றை இரவு இரவாக விளக்கோடு போய்ச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள். 1991-இல் கடைசிப் பூனைகள் பிடிபட்டன. பூனையை வளர்க்கிற, நேசிக்கிற எனக்கு இதைப் படிப்பது எளிதாக இல்லை. அந்தப் பூனைகளும் கேட்டுக்கொண்டு கப்பல் ஏறவில்லை. ஐந்து பூனைகளுக்கு அன்றே கருத்தடை செய்திருந்தால் 3,400 பூனைகளும் சாகவேண்டியதில்லை, பெட்ரல்களும் பிழைத்திருக்கும்.

பூனை போனதும் பெட்ரல் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் ஏறியது. ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் கூட்டம் மீளவில்லை. சுண்டெலிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. தீவு வெப்பமாகிவருவதால் பெருகிய எலிகள், அசையாமல் கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன. உலகின் வாண்டரிங் அல்பட்ராஸ்களில் சுமார் கால் பங்கு மேரியனில்தான் கூடு கட்டுகின்றன. இப்போது எலியை ஒழிக்கும் திட்டம் நடக்கிறது.

நம்மவர்கள் ஏராளமாக வாழும் ரீயூனியன் தீவிலும் இதே கதைதான். பிட்டோன் தே நேஜ் போன்ற மலைகளின் உச்சிப் பாறைகளில் கூடு கட்டும் பாராவ் பெட்ரல், இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கூடு கட்டுவதாகத் தெரியவில்லை. மலையேறிப் போய்விட்ட பூனைகள் அதை வேட்டையாடுகின்றன. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால், 63 உயிரினங்கள் அழிந்ததில் பூனைக்குப் பங்கு உண்டு என்று 2016-இல் ஒரு கணக்கு வந்தது. அவற்றில் 40 பறவைகள். பெரும்பாலும் தீவுப் பறவைகள்.

அப்படியானால் நம் தோட்டம் எந்தப் பக்கம்?

டர்பன் ஒரு தீவு இல்லை. இங்கே மைனாவும் புறாவும் கொண்டைக்குருவியும் எந்தப் பூனைக்கும் அசராமல் பெருகுகின்றன. ஊருக்கு நடுவில் இருக்கும் வீட்டில் பூனை ஒரு மைனாவைப் பிடித்தால் மைனா இனத்துக்கு ஒன்றும் ஆகாது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நகரத்துக்குள்ளும் தீவுகள் இருக்கின்றன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் வந்து இறங்கியதே இந்தக் கடற்கரையின் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான். அந்தக் கரும்புக்காக அழிந்தது கடலோரக் காடு. அப்புறம் ஊர் வளர்ந்தது. இன்று அந்தக் காட்டில் மிஞ்சியிருப்பது துண்டு துண்டாகத்தான். எங்கள் சாட்ஸ்வொர்த்தில் சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் அப்படி ஒரு துண்டு. சுற்றிலும் வீடுகள், வீடுதோறும் பூனைகள். பறவைகளுக்கு முதல் எதிரி பூனை இல்லை, காடு போனதுதான். ஆனால் காடு சுருங்கிய பிறகு மிச்சமிருக்கும் சின்னக் கூட்டத்துக்கு ஒவ்வொரு சாவும் கனமானது. ஸ்பாட்டட் கிரவுண்ட் திரஷ் என்ற புள்ளிப் பூங்குருவி குளிர்காலத்தில் எங்கள் பக்கத்துக் கடலோரக் காடுகளுக்கு வரும். உலக அளவிலேயே அருகிவரும் பறவை. காய்ந்த இலைகளைப் புரட்டித் தரையில்தான் இரை தேடும். அப்படிப்பட்ட பறவை இருக்கிற காட்டின் ஓரத்தில் பூனையை அவிழ்த்துவிடுவதும், நடுத்தெருவில் விடுவதும் ஒன்றில்லை. கேப் டவுனில் டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவை ஒட்டிய வீடுகளின் பூனைகள், பூங்காவுக்குள் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொல்வதாக அதே 2020 ஆய்வு சொல்கிறது.

கொல்லாமலும் கெடுதல் உண்டு. ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கரும்பறவையின் கூட்டருகே ஒரு பொம்மைப் பூனையைச் சிறிது நேரம் மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவையும் தகப்பனும் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அவை போட்ட கூச்சலைக் கேட்டு வேறு எதிரிகள் கூட்டைக் கண்டுபிடித்தும் விட்டன. நிஜப் பூனை நாள் முழுக்க மதில் மேல் படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்

பூனைக்கு மணி கட்டுவது பழைய யோசனை. எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஒரு பெரிய சோதனையில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. முந்தைய சில ஆய்வுகளில் பலன் இருந்தது. ஆகவே மணியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பேன். அதே சோதனையில் பலன் தந்தது கழுத்துப் பட்டைக்கு மேல் மாட்டும் பளிச்சென்ற வண்ணத் துணி உறை. பறவைகளுக்கு நிறப்பார்வை கூர்மை, தூரத்திலேயே கண்டுகொள்ளும். வீட்டுக்கு வரும் பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. தினம் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடியதில் மொத்த வேட்டை 25 சதவீதம் குறைந்தது. ஒரு குச்சியில் கயிறு கட்டி, நுனியில் இறகோ துணியோ வைத்து ஆட்டினால் போதும். துரத்தவும் பாயவும் கவ்வவும் விட்டு, கடைசியில் சாப்பாடு வைத்துவிடுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது சாப்பாடு. தானியம் இல்லாமல் இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் வேட்டை 36 சதவீதம் குறைந்தது. பூனைக்கு இறைச்சியில்தான் கிடைக்கும் சில சத்துகள் கட்டாயம் வேண்டும். அவை குறைந்தால் அது வெளியே தேடும் போலும். இதைப் படித்தபோதுதான் அந்த வெள்ளைக்கண்ணி நினைவுக்கு வந்தது. புரட்டாசியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கவிச்சி கிடையாது. வீட்டில் சமைக்காததைப் பூனைக்கு மட்டும் எப்படி வைப்பது என்று அந்த மாதம் நான் பஞ்சுவுக்குத் தயிர்சாதம் வைத்தேன். தென்னாப்பிரிக்காவில் புரட்டாசி என்பது செப்டம்பர், அக்டோபர். இங்கே வசந்தம். குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கி, சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையில் தத்தித் திரியும் மாதங்கள். விரதம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை. மீன் டின்னை வீட்டுக்குள் திறக்க மனம் வராவிட்டால் வெளியே வராந்தாவில் தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதம் பூனையை முடிந்தவரை வீட்டுக்குள் வையுங்கள். குறைந்தது விடிகாலையும் அந்தி நேரமுமாவது.

கருத்தடை அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பெண் பூனை வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று போடும், அந்தக் குட்டிகளில் வீடு கிடைக்காதவை காப்பகத்தின் வேலியைத் தாண்டிவிடும். அங்கே போனபின் காட்டுப்பூனையோடு கூடினால் கலப்புக் குட்டிகள் பிறக்கும். தென்னாப்பிரிக்காவின் அசல் காட்டுப்பூனைக்கு இருக்கும் பெரிய ஆபத்தே இந்தக் கலப்புதான். கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ திரியும் பூனைகளுக்கு உணவு வைக்கிறவர்கள் நல்ல மனதோடு செய்கிறார்கள். அதோடு, அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்யவும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். அது இல்லாமல் உணவு மட்டும் வைத்தால் அடுத்த வருடம் கிண்ணங்கள் இரண்டு மடங்காகும்.

தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள், பூனை ஒளிந்துகொள்ளக்கூடிய புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, உயரத்தில் வையுங்கள். கழுத்துப் பட்டை வாங்கும்போது, எங்காவது மாட்டிக்கொண்டால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

இந்தப் புரட்டாசியில் பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக ஒரு துணி உறையோடு திரிந்தது. காலையிலும் மாலையிலும் வராந்தாவில் மீன். அந்த மாதம் முழுக்கப் பின்வாசல் படிக்கு வந்தவை மூன்று எலிகளும் ஒரு பல்லியும். வெள்ளைக்கண்ணி எதுவும் வரவில்லை. படிக்கு வருவது ஐந்தில் ஒன்றுதான் என்பதால் இதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. பப்பாளி மரத்துக்குப் பக்கத்துப் புதரில் ஒரு கூடு இருக்கிறது, இரண்டு குஞ்சுகள். அவை பறந்து போகும்வரை பஞ்சு வீட்டுக்குள்தான்.